காபி மெஷின் வெந்நீர்

லிப்ட் ரிப்பேர் செய்கிறவன் வாழ்நாளெல்லாம் படிக்கட்டு ஏறியே தேய்ந்துபோகிறான். ஓடுகிற லிப்டுக்கு அவனை யாரும் கூப்பிடுவதில்லை. நின்றுபோன லிப்டுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். மெஷின் ரூம் எப்போதும் மொட்டை மாடியில் இருக்கும். டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எட்டு மாடியோ பத்து மாடியோ நடந்தே ஏற வேண்டும். வழியில் வாசலில் நிற்கிறவர்கள், "என்னங்க, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்பார்கள். மூச்சு வாங்குகிறவன் என்ன பதில் சொல்வான்? கையை மட்டும் மேலே காட்டிவிட்டு ஏறுவான்.

கம்பெனியில் அவனுக்குப் 'படிக்கட்டு' என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. முதலில் கோபம் வந்தது. போகப் போக அந்தப் பெயரில் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பழகிவிட்டது. ஐம்பதைத் தாண்டிய பிறகு முழங்கால்கள் இரண்டும் வாயைத் திறக்க ஆரம்பித்தன. ஏறும்போது ஒன்று முனகும், இறங்கும்போது மற்றது பதில் சொல்லும். சாயங்காலம் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றக் குனிகிற நேரத்தில் இரண்டும் சேர்ந்து கத்தும்.

அவன் இருந்தது மாமியார் வீட்டில். கல்யாணமான புதிதில், வேறு வீடு கிடைக்கிற வரைக்கும் என்று வந்தவன். வேறு வீடு இன்னும் கிடைத்தபாடில்லை. 'வீட்டோட மாப்பிள்ளை' என்று யாரும் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனாலும் அந்தச் சொல் கூடத்தில் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி அவனுக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

அத்தை ஒரு சினிமா தியேட்டரில் முப்பது வருஷம் டிக்கெட் கவுண்டரில் இருந்தவள். கை நுழைகிற அளவு ஓட்டை, அதற்குள்ளிருந்து பேச்சு. "எத்தனை?" "சில்லறை இருக்கா?" "ஹவுஸ்ஃபுல்." அவ்வளவுதான். ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் கணக்கிலேயே பேசினாள். விருந்தாளிகள் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தால் சமையல்கட்டிலிருந்து "ஹவுஸ்ஃபுல்" என்று முணுமுணுப்பு வரும். அவனும் அத்தையும் ஒரே கூரைக்குக் கீழே கால் நூற்றாண்டு இருந்தார்கள். இருவரும் பேசிக்கொண்டதையெல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். எல்லாப் பேச்சும் அவன் மனைவி வழியாகத்தான் போகும், வரும். "அம்மா, அவருக்கு முட்டி வலிக்குதாம்." "தைலம் தடவச் சொல்லு." பக்கத்து அறையில் அவன் இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்பான்.

மனைவிக்கு பேங்கில் வேலை. வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. பஸ்ஸில் ராத்திரி முழுக்கப் போக வேண்டிய தூரம். அங்கே இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு ஹாஸ்டல் அறை. அம்மாவைக் கூட்டிப்போக வழியில்லை. வழி இருந்தாலும் அத்தை போகிற ஆள் இல்லை. "நான் கட்டின வீடு. இத விட்டுட்டு எங்கயும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

"ஒரே வருஷம்தாங்க. திரும்பக் கேட்டு வாங்கிட்டு வந்துடுவேன்" என்று சொல்லிப் போன மனைவிக்கு அது மூன்றாவது வருஷம். மாதத்துக்கு இரண்டு தடவை வருவாள். வந்த அன்று துவைப்பாள், மறுநாள் மடிப்பாள், சாயங்காலம் பஸ் ஏறிவிடுவாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவனும் அத்தையும், நடுவில் ஆளில்லாமல், இரண்டு பேர் மட்டும்.

அத்தைக்கு மறதி எப்போது தொடங்கியது என்று அவனுக்குச் சரியாகத் தெரியாது. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்தான். ஒரு நாள் தட்டை ஃப்ரிட்ஜுக்குள்ளும் தயிரை அலமாரியிலும் பார்த்தான். எடுத்து மாற்றி வைத்தான். களைத்து வருகிறவன் கண்ணுக்கு எல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் படும்.

பிறகுதான் அந்தப் புகை.

அன்றைக்கு ஒரு ஆபீஸ் கட்டடத்தின் உச்சியில் மெஷின் ரூமில் இருந்தான். லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒருத்தர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். மெயினை அணைத்துவிட்டு, பிரேக்கைத் தளர்த்தி, கைச்சக்கரத்தை மெல்ல மெல்லச் சுற்றி லிப்டை ஒரு மாடிக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். பாதி சுற்றும்போது போன் அடித்தது. கீழ்வீட்டில் தையல் கடை வைத்திருக்கிற பெண்.

"அண்ணே, உங்க சமையல்கட்டு ஜன்னல்ல புகையா வருது. தட்டுறேன், அம்மா கதவத் திறக்க மாட்டேங்கறாங்க."

"உடைச்சிடுங்க."

"எத?"

"கதவத்தாம்மா! உடைங்க!"

போனைத் தரையில் வைத்துவிட்டு மறுபடி சக்கரத்தைப் பிடித்தான். விட்டுவிட்டு ஓட முடியாது. உள்ளே ஒரு ஆள் இருக்கிறார். கீழே நின்ற வாட்ச்மேன், "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..." என்று குரல் கொடுத்தான். அந்தக் கொஞ்சம் எவ்வளவு நீளம் என்று சக்கரம் சுற்றுகிறவனுக்குத்தான் தெரியும். வெளியே வந்த ஆள் அவனுக்கு நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தான்.

வீட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. பால் பாத்திரம் கரியாகிப் போயிருந்தது, சுவர் கறுத்திருந்தது, ஜன்னல் திரை பாதி எரிந்திருந்தது. அத்தை மாடிப்படியில் உட்கார்ந்து தையல்காரம்மா கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். குடிக்கவில்லை. அவனைப் பார்த்ததும் சொன்னாள்:

"திரை பழசுதான்."

அன்றைக்கு மனைவி போனில் அழுதாள். அழுது முடித்துவிட்டு, "நீங்க போகும்போது கேஸ மூடிட்டுப் போங்க" என்றாள். மூடினால் அத்தைக்குத் திறக்கத் தெரியாதா? அதனால் மறுநாள் காலையில் சமைத்து முடித்ததும் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி டூல் பைக்குள் போட்டுக்கொண்டான். அத்தை கதவோரம் நின்று பார்த்தாள்.

"கேஸும் உங்ககூட வேலைக்கு வருதா?" என்றாள்.

படி இறங்கும்போது பை வழக்கத்தைவிடக் கனத்தது.

சாப்பாடு பிரச்சினையாக இல்லை. காலையில் சமைத்ததை மூடி வைத்தால் போதும். டீதான் பிரச்சினை. தியேட்டரில் ஒவ்வொரு ஷோ விட்டதும் அந்த ஓட்டை வழியாக ஒரு கிளாஸ் டீ உள்ளே வரும். முப்பது வருஷப் பழக்கம். காலை ஷோ விடுகிற நேரம் ஒன்று, மாட்டினி விடுகிற நேரம் ஒன்று என்று அத்தையின் உடம்புக்குள் இன்னும் ஷோ ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி வைத்துப் பார்த்தான். மதியத்துக்குள் ஆறிப்போய் மூடி வாடை அடித்தது. அத்தை அதைத் தொட்டியில் கொட்டினாள். தையல்காரம்மாவிடம் சொல்லி வைத்தான். அவளும் அன்பாக இரண்டு நாள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாம் நாள் அத்தை டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுத்து, "இனிமே வேண்டாம்மா. கடன் மாதிரி இருக்கு" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

எலெக்ட்ரிக் கெட்டில் ஒன்று வாங்கி வந்தான். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. மனைவி வந்திருந்த நாள், கேஸ் திறந்திருந்தது. அத்தை கெட்டிலில் தண்ணீர் பிடித்து, நிதானமாகத் தூக்கி, எரிகிற அடுப்பின் மேலேயே வைத்துவிட்டாள். பிளாஸ்டிக் அடி உருகிப் பர்னரில் ஒட்டிக்கொண்டது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு யாரோ செய்த தப்பைப் பார்க்கிற முகத்தோடு அத்தை பார்த்தாள். மனைவி பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மனைவியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தவன் சமையல்கட்டில் வெறுமனே நின்றான். பரணில் ஒரு அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. காபி மெஷின். மனைவிக்கு மாற்றல் வந்தபோது பேங்கில் எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. அந்த வீட்டில் யாரும் காபி குடிக்கிறதில்லை. சைக்கிள் இல்லாத வீட்டுக்கு யாரோ சைக்கிள் பம்ப் கொடுத்த மாதிரி அது மேலேயே கிடந்தது.

ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினான். கூட இருந்த சின்னப் புத்தகத்தைப் படித்தான். தண்ணீர் தீர்ந்தால் விளக்கு மினுக்கி நின்றுவிடும். கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் தானாக அணைந்துவிடும். நெருப்பு கிடையாது. அந்த இடத்தை அவன் இரண்டு தடவை படித்தான். லிப்டில் எது வேண்டுமானாலும் கெட்டுப்போகலாம், ஆனால் சந்தேகம் வந்தால் நின்றுவிட வேண்டும். அவன் தொழிலுக்கு அடிப்படையே அதுதான். நிற்கத் தெரிந்த மெஷின் என்றால் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம்.

காபித்தூள் போடுகிற கைப்பிடியைக் கழற்றிப் பெட்டிக்குள்ளேயே வைத்தான். ஆவி வருகிற குழாய்க்குத் திருகு ஒன்று இருந்தது. அதில் கை சுட்டுவிடும் என்று குறட்டால் பிடுங்கி எடுத்தான். மூன்று பொத்தான்களில் ஒன்றின்மேல் சிவப்பு டேப்பைச் சதுரமாக வெட்டி ஒட்டினான். அதை அழுத்தினால் ஒரு டம்ளர் அளவு வெந்நீர் கீழே விழும், பிறகு தானே நிற்கும்.

"என்ன இது?" என்றாள் அத்தை.

"காபி மெஷின் அத்தை. நாம வெந்நீருக்கு வச்சுக்கலாம்."

"காபி மெஷின்ல வெந்நீரா? ஏன், வாஷிங் மெஷின்ல வராதாமா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, நெஞ்சில் எங்கோ இடித்துக்கொண்டு வந்தது.

"அழுத்திப் பாருங்க."

அழுத்தினாள். அது ஒரு உறுமல் உறுமியது. அத்தை இரண்டடி பின்னால் போனாள். பிறகு மெல்லிய நூலாக வெந்நீர் விழுவதைத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"எங்க தியேட்டர் ஆபரேட்டர் இப்படித்தான்" என்றாள். "படம் ஓட்டறவரு. எந்த வேலை சொன்னாலும் முதல்ல உறுமுவாரு. அப்புறம் செய்வாரு."

அன்றிலிருந்து மெஷினுக்கு ஆபரேட்டர் என்று பெயராகிவிட்டது.

பால் சேர்க்காத டீதான். முதல் டீ நன்றாக இல்லை. காபிக்கென்று செய்த மெஷின் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிடுவதில்லை. கொதிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாலேயே போதும் என்று கொடுத்துவிடுகிறது. டீத்தூள் அதில் சோம்பலாக மிதந்தது. "சாயமே இறங்கல. இத டீன்னு சொன்னா டீக்கே கோபம் வரும்" என்றாள் அத்தை. அவன் யோசித்தான். முதல் தண்ணீரை வெறும் டம்ளரில் விட்டு, டம்ளர் சூடானதும் கொட்டிவிட்டு, இரண்டாவது தண்ணீரில் தூளைப் போட்டுப் பார்த்தான். பரவாயில்லை. மீதியை அத்தையே கண்டுபிடித்தாள். தட்டு போட்டு மூடிவிட்டு ஜன்னலில் போய் நிற்பாள். எதிர்வீட்டு மாடியில் துணி எடுக்கிறவள் முழுக்க எடுத்து முடித்துக் கீழே போனால் டீ சரியாக இருக்கும்.

"அவ லீவு போட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான்.

"அன்னிக்கு லைட் டீ."

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசல் பக்கத்து நாற்காலியில் விழுந்தான். அன்று ஒரே கட்டடத்தில் மூன்று தடவை ஏறி இறங்கியிருந்தான். ஒரு ஃபியூஸை வைத்துவிட்டு வந்தால் இன்னொன்று போகிறது. கண்ணை மூடியிருந்தவனுக்கு உள்ளே ஆபரேட்டர் உறுமுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் ஸ்டூல் இழுபடுகிற சத்தம். கண்ணைத் திறந்தால் ஒரு டம்ளர் டீ.

"இன்னிக்கு எத்தனை மாடி?" என்றாள் அத்தை.

"எண்ணல அத்தை."

"எண்ணாதீங்க. எண்ணினா இன்னும் வலிக்கும்."

அந்த வீட்டில் அவனுக்கு யாராவது கேட்காமல் டீ கொடுத்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை. குடித்தான். சர்க்கரை கொஞ்சம் கூடுதல். தொண்டையில் அது இறங்குகிற வழி முழுக்கத் தெரிந்தது.

அதற்குப் பிறகு தினமும் அந்த டீ இருந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள். நடுவில் ஆளில்லாததால் நேராகவே பேச வேண்டியிருந்தது. முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அத்தை கவுண்டர் கதை சொல்வாள். "ஓட்டை வழியா முகமே தெரியாது, கை மட்டும்தான். கையப் பார்த்தே சொல்லிடுவேன். இது வேலைக்குப் போற கை, இது அப்பா பாக்கெட்ல எடுத்துட்டு வந்த கை."

"என் கைய முதல்ல பார்த்தப்போ என்ன நெனச்சீங்க?"

"பயந்தேன். கிரீஸ் கை. ஜன்னல் திரையில தொடச்சிடுவாரோன்னு."

"தொடச்சேனா?"

"இத்தனை வருஷமா கவனிச்சிட்டிருக்கேன். இன்னும் இல்ல."

ஒரு நாள் டம்ளரை வாயில் வைத்தவனுக்கு வெறும் வெந்நீர் நாக்கில் பட்டது. சர்க்கரை இருந்தது. தூள் இல்லை. அத்தை எதிரே உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அத்தை."

மறுநாளும் வெந்நீர்தான். அதற்கு மறுநாள் டீ சரியாக இருந்தது. பிறகு மறுபடி வெந்நீர். ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்கு என்று குடித்து வைத்தான். அது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. சொல்லி, விளக்கி, அந்த முகம் வாடுவதைப் பார்த்து, பிறகு சமாதானம் செய்து — அதற்கெல்லாம் உடம்பில் தெம்பு வேண்டும். குடித்துவிடுவது சுலபம்.

ஒரு வெள்ளிக்கிழமை அத்தை இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவளுடையதில் தூள் போட்டிருந்தாள், அவனுடையதில் போடவில்லை. ஒன்று செம்மண் நிறத்தில் இருந்தது. மற்றதில் டம்ளரின் அடி தெரிந்தது. அத்தை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இது எத்தனை நாளா நடக்குது?"

அவன் தன் டம்ளரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

"கேக்கறேன்ல?"

"கொஞ்ச நாளா... எல்லா நாளும் இல்ல அத்தை."

"குடிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

"சூடா இருந்துச்சு. அலுப்புக்கு அதுவே போதும்னு இருந்துச்சு."

அத்தை உட்கார்ந்தாள். குரல் உயரவில்லை. அந்தப் பழைய கவுண்டர் குரல்.

"உங்க முகத்துல எப்பவும் அலுப்புதான் தெரியுது. அதுக்குப் பின்னால பொய் இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? அதுலதான் ஏமாந்துட்டேன். இதப் பாருங்க. எனக்கு என்னமோ ஆயிட்டிருக்கு. எனக்கே தெரியாம ஆயிட்டிருக்கு. அது எது வரைக்கும் வந்திருக்குன்னு நான் தெரிஞ்சுக்க வேண்டாமா? நீங்களும் மறைச்சா நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

"மனசு கஷ்டப்படுவீங்கன்னு..." என்று ஆரம்பித்தான்.

"கஷ்டப்பட்டா பட்டுட்டுப் போறேன். கள்ள நோட்டு நீட்டினவன, ஐயோ பாவம்னு டிக்கெட் குடுத்து அனுப்பியிருந்தா முப்பது வருஷம் அங்க உட்கார்ந்திருப்பேனா? தூள் இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க."

மறுநாளிலிருந்து சொன்னான். முதல் தடவை டம்ளரைப் பார்த்தபடியே சொன்னான். "அத்தை, இன்னிக்கித் தூள் விழல." "அப்படியா? குடுங்க" என்று வாங்கிப்போய் வேறு போட்டுக் கொண்டுவந்தாள். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமா என்று இருந்தது. பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றி, ஓடுகிற வண்டியில் எங்கே சத்தம் வருகிறது என்று பார்க்கிறவர்கள் மாதிரி பேசிக்கொண்டார்கள். "இன்னிக்கி சர்க்கரை ரெண்டு தரம்." "நேத்து ராத்திரி மருந்த மதியமே சாப்பிட்டுட்டீங்க போல." அத்தை கேட்டுக்கொள்வாள். சில நாள் சிரிப்பாள். சில நாள் எழுந்து போய்ப் படுத்துவிடுவாள். அந்த நாட்களில் அவன் தனியாக மீதி டீயைக் குடித்துவிட்டு டம்ளர்களைக் கழுவி வைப்பான்.

பகலில் கூட இருக்க ஆள் வேண்டும் என்று கடைசியில் அத்தையேதான் சொன்னாள். அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோய்க் கூடமெல்லாம் தண்ணீர் நின்ற அன்று.

"உங்க வீட்டுக்காரிகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள். "நான் சொன்னா அழுவா."

அவன் சொன்னபோதும் மனைவி அழுதாள். ஆனால் அடுத்த வாரமே ஆளைப் பிடித்துவிட்டாள்.

வந்தவள் முன்பு ஒரு ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவள். கைகால் சுறுசுறுப்பு, வாய் அதைவிட. முதல் நாளே பரண் வரை ஆராய்ந்து, காபித்தூள் போடுகிற அந்தக் கைப்பிடியைக் கண்டுபிடித்தாள். மறுநாள் அவள் வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் காபித்தூள் வந்தது. சாயங்காலம் அவன் படியேறும்போதே வாசனை மூக்கைத் துளைத்தது. அந்த மெஷின் முதல் தடவையாகக் காபி போட்டிருந்தது. அத்தை ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாருங்க மாப்ள, ஆபரேட்டருக்கு இதெல்லாம்கூடத் தெரியுமாம். இத்தனை நாளா வாயத் திறக்கல."

ஆனால் அடுத்து விழுந்த வெந்நீரில் டீ போட்டபோது அதில் காபி வாடை அடித்தது. அத்தை டம்ளரை நீட்டி, "இது ரெண்டுங்கெட்டான். யாராவது ஒருத்தர் முடிவு பண்ணுங்க" என்றாள். அந்தப் பெண் விட்டுக்கொடுக்கவில்லை, அத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. காபி போட்டு முடித்ததும் வெறும் தண்ணீரை இரண்டு தடவை ஓட்டிவிட வேண்டும் என்று அவன் தீர்ப்புச் சொன்னான். அன்றைய வேலையில் அது ஒன்றுதான் கடைசிவரை ஒழுங்காக முடிந்த வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்துச் சோபாவில் தூங்கிவிட்டான். போன் அடித்தது. எடுக்கக் கை வரவில்லை. அத்தை எடுத்தாள்.

"அவரு தூங்கறாரு" என்றாள். அந்தப் பக்கம் சூப்பர்வைசர் ஏதோ சொன்னார். "லிப்ட் நின்னுடுச்சா? உள்ள யாராவது இருக்காங்களா?... இல்லையா? அப்புறம் என்ன அவசரம்? நின்ன லிப்ட் எங்க ஓடிப்போகப் போகுது?" என்று வைத்துவிட்டாள்.

அவனுக்கு எல்லாம் காதில் விழுந்தது. கண்ணைத் திறக்கவில்லை. எழுந்து போயிருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை சூப்பர்வைசர் அதை எல்லோர் முன்னாலும் நடித்துக் காட்டினார், பிறகு தனியாகக் கூப்பிட்டுக் கடுமையாகவும் சொன்னார். அவன் இரண்டுக்கும் தலையை ஆட்டினான். வீட்டில் சொல்லவில்லை. எதையும் மறைக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டது டீத்தூள் விஷயத்தில்தானே.

மழை தொடங்கிய மாதத்தில் அத்தை அதிகமாகத் தூங்க ஆரம்பித்தாள். ஒரு நாள் பகல் துணைக்கு வருகிற பெண் சீக்கிரம் கிளம்பிவிட்டாள். அவனே இரண்டு டம்ளர் டீ போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். அத்தை கண் விழித்தாள். அவன் நீட்டிய கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"எத்தனை?" என்றாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டான். உண்மையைச் சொல்லச் சொன்னவள்தான். ஆனால் இது எந்த உண்மை?

"ரெண்டு" என்றான்.

"பால்கனியா, கீழயா?"

"கீழயே குடுங்கம்மா. படியேற முடியாது."

அத்தை தலையாட்டினாள். பிறகு டம்ளரைக் கையில் வாங்கி, ஒரு வாய் குடித்து, அவனை நிமிர்ந்து பார்த்தாள். "மாப்ள, எப்ப வந்தீங்க? தூள் கொஞ்சம் ஜாஸ்தி போட்டுட்டீங்க" என்றாள்.

"ஆமா அத்தை" என்றான். சற்று முன் நடந்த டிக்கெட் பேச்சைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். சொன்னான். மெதுவாக, ஒவ்வொன்றாக. அத்தை கடைசி வரை கேட்டாள். "பால்கனி டிக்கெட் கேட்டிருக்கலாம் நீங்க. அங்கதான் ஃபேன் நல்லா ஓடும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் அசைந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எட்டிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். கால் நூற்றாண்டில் அவளை அவன் தொட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த வருஷம் மனைவிக்கு மாற்றல் கிடைத்தது. நான்கு பைகளோடு வந்து இறங்கினாள். அன்றைக்கு அத்தைக்கு நல்ல நாள். மகளை அடையாளம் தெரிந்தது, இளைத்துவிட்டாய் என்று திட்டினாள். அவன் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, முதல் மூன்று நாளும் தூங்கினான். நடுநடுவே எழுந்தபோதெல்லாம் வீட்டில் பாத்திரச் சத்தமும் பேச்சுச் சத்தமும் கேட்டது. மறுபடி தூங்கினான்.

நான்காம் நாள் சமையல்கட்டுக்குப் போனபோது மனைவி அடுப்பில் பாலும் தூளும் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். திடமான டீ. நிற்கிற இடத்திலேயே வாங்கிக் குடித்தான்.

"எப்படிங்க இத்தனை நாளா நீங்க தனியா சமாளிச்சீங்க?" என்றாள் அவள், வடிகட்டியைத் தட்டிக்கொண்டே.

"தனியாவா?" என்றான் அவன். "அத்தை இருந்தாங்களே."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தாள். அதற்குள் உள்ளே அம்மா கூப்பிடுகிற குரல் கேட்டது. இருவரில் யாரைக் கூப்பிடுகிறாள் என்று தெரியாமல் இருவருமே போனார்கள்.